நெட் இல்லாத இடத்திலும் ப்ராஜெக்ட் ஓடவேண்டும்: வன்னிப் பிள்ளைகளுக்கு டொக்கர் கொம்போஸ்

அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஒருவர் எழுதிய வெப் ப்ரோக்ராம் அவருடைய லேப்டொப்பில் நன்றாக ஓடும். அதையே மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிற இன்னொருவருக்கு அனுப்பிப் பாருங்கள். பைதன் பதிப்பு வேறு, டேட்டாபேஸ் இல்லை, ஏதோ ஒரு லைப்ரரி காணவில்லை என்று தொடங்கி, "அண்ணா, இங்க ஓடேல்ல", "என்ர லெப்ல ஓடுதே தம்பி" என்று இரவு முழுக்கப் போனில் போகும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கொண்டெய்னர் வந்தது, அதாவது ப்ரோக்ராமையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்து ஓடவைக்கிற பெட்டி. பல கொண்டெய்னர்கள் சேர்ந்த ஒரு ப்ராஜெக்டை ஒரே கட்டளையில் ஓடவைக்கவும், அப்படியே கட்டி இன்னொருவர் கையில் கொடுக்கவும் இருக்கிற கருவி டொக்கர் கொம்போஸ்.

நெட்டில் இதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஆனால் அநேகமானவை ஃபைபர் லைனில் இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. "இழுங்கள், ஓடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு இழுப்பதுதான் பெரிய வேலை: போன் டேட்டாவில் பல நூறு எம்பி இறக்கவேண்டும், பாதியில் சிக்னல் போகும், இல்லையென்றால் கரண்ட் போகும். அதனால் ஒருவர் ஒரு தடவை இழுத்ததை மற்ற எல்லோரும் டேட்டா செலவில்லாமல் வாங்கிக்கொள்வது எப்படி என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளை வாசிக்கிற ஒலியில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், வேறு சொல்லாத இடமெல்லாம் சிற்றெழுத்தில், தட்டுங்கள். இடைவெளி, கோடு, முக்காற்புள்ளி எல்லாம் இங்கே இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும்.

முதலில் தெரிந்திருக்கவேண்டியவை

இமேஜ் என்பது ஒரு ப்ரோக்ராமும் அது ஓடத் தேவையான எல்லா ஃபைல்களும் சேர்ந்த மாறாத கட்டு. கொண்டெய்னர் என்பது அந்த இமேஜிலிருந்து எழுப்பி ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று. கொண்டெய்னரை அழித்தாலும் இமேஜ் அப்படியே இருக்கும், மறுபடி எழுப்பலாம். ஆனால் அழிந்த கொண்டெய்னருக்குள் எழுதியிருந்தவை அதோடு போய்விடும். அவை தங்கவேண்டுமென்றால் வொலியூம் என்ற தனி இடத்தில் எழுதவேண்டும். இந்த மூன்றும் மனதில் பதிந்தால் மிச்சம் சுலபம்.

இந்தக் கொண்டெய்னர்களைச் செய்து ஓடவைக்கிற மென்பொருளான டொக்கர் 2013 இல் வெளிவந்தது. கொம்போஸ் முதலில் ஃபிக் என்ற பெயரில் வேறு ஆட்கள் செய்த கருவி. அதை டொக்கர் நிறுவனம் 2014 இல் வாங்கிப் பெயரை மாற்றியது. பழைய கொம்போஸ் பைதனில் எழுதப்பட்டது, இரண்டாம் பதிப்பு கோ மொழியில் எழுதப்பட்டது. இந்தச் சரித்திரம் உங்களுக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத் தேவை. பழைய பாடங்களில் டொக்கர் என்பதற்கும் கொம்போஸ் என்பதற்கும் நடுவில் சின்னக் கோடு போட்டிருப்பார்கள். அந்தப் பழைய பதிப்புக்கு 2023 ஜூலையோடு புதுப்பித்தல் நின்றுவிட்டது. இப்போது நடுவில் வெறும் இடைவெளிதான். அதேபோல ஃபைலின் உச்சியில் 'வேர்ஷன்' என்று ஒரு வரி போடச் சொல்வார்கள், அதுவும் இப்போது தேவையில்லை.

நிறுவுதல்

லினக்ஸ் என்றால் வேலை குறைவு, டேட்டாவும் குறைவு. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது சிலவேளை பழையதாக இருக்கும். அதனால் டொக்கரின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தைச் சேர்த்து, அதிலிருந்து டொக்கர்-சிஈ, டொக்கர்-கொம்போஸ்-ப்ளகின் இரண்டையும் போடுங்கள். போட்டபிறகு உங்கள் பயனர் பெயரை டொக்கர் குழுவில் சேர்க்கவேண்டும்:

சூடோ யூசர்மொட் -ஏஜி டொக்கர் $யூசர்

இதில் ஜி, யூசர் இரண்டும் பெரிய எழுத்து. தட்டியதும் லொக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு கட்டளைக்கும் 'பெர்மிஷன் டினைட்' என்று வரும். டொக்கர் குழுவில் இருப்பவருக்கு அந்த மெஷினில் ரூட் (முழு நிர்வாகி) அளவுக்கு அதிகாரம் கிடைக்கிறது, ஆகவே பலர் பாவிக்கும் லேப் மெஷினில் கண்டவர்களையும் சேர்க்கவேண்டாம்.

விண்டோஸ் என்றால் டொக்கர் டெஸ்க்டொப். படிப்புக்கும் சொந்தப் பாவனைக்கும் இலவசம்தான், ஆனால் இன்ஸ்டோலரே ஏறத்தாழ அரை ஜீபி வரும். அதை இறக்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். டாஸ்க் மனேஜரில் சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்ட்' என்று இருக்கிறதா? இல்லையென்றால் பயோஸுக்குள் போய்த் திறக்கவேண்டும். பாவித்து விற்ற லேப்டொப்புகளில் இது மூடியே கிடப்பதைப் பலதடவை பார்த்திருக்கிறேன். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவைக்கிற டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பு இருக்கிறதா? ராம் 8 ஜீபியாவது இருக்கிறதா? 4 ஜீபி மெஷின் என்றால் விண்டோஸை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதை விட லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வது நல்லது.

இன்ஸ்டோலர் ஃபைலை அழித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும் அதே ஃபைல் போதும்.

முடிந்ததா என்று பார்க்க 'டொக்கர் கொம்போஸ் வேர்ஷன்' என்று தட்டுங்கள். இரண்டுக்கு மேற்பட்ட எண் ஒன்று வந்தால் சரி. பிறகு 'டொக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்'. அது சில கேபி அளவான இமேஜ், டேட்டாவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு ப்ராஜெக்டை எழுதுவோம்

உதாரணத்துக்கு ஒரு சனசமூக நிலைய நூலகத்தின் இரவல் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். யார் எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனார், எப்போது திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். பைதனில் ஒரு சின்ன வெப் ப்ரோக்ராம், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஃபோல்டருக்கு நூலகம் என்று பெயர் வையுங்கள், ஆனால் ஆங்கிலச் சிற்றெழுத்தில். இதற்குக் காரணம் உண்டு: கொம்போஸ் ஃபோல்டரின் பெயரையே ப்ராஜெக்டின் பெயராக எடுத்துக்கொள்ளும், அதில் பெரிய எழுத்தைச் சிற்றெழுத்தாக்கி, ஆங்கில எழுத்து, எண், கோடு, அடிக்கோடு தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடும். ஃபோல்டருக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் நீக்கி நீக்கிக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, 'ப்ராஜெக்ட் நேம் மஸ்ட் நொட் பீ எம்ப்டி' என்று நின்றுவிடும். ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பிழையைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வருவதே இல்லை. ஃபைலின் உச்சியில் 'நேம்' என்ற வரியைப் போட்டுவிட்டால் ஃபோல்டருக்கு என்ன பெயர் இருந்தாலும் ஓடும்.

ஃபோல்டருக்குள் கொம்போஸ்.யாம்ல் என்ற ஃபைலைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

நேம்: நூலகம்
சேர்விசஸ்:
  வெப்:
    பில்ட்: .
    இமேஜ்: நூலகம்-வெப்:1.0
    போர்ட்ஸ்:
      - "8080:8000"
    என்வ்_ஃபைல்: .என்வ்
    டிபெண்ட்ஸ்_ஒன்:
      டிபி:
        கண்டிஷன்: சேர்விஸ்_ஹெல்தி
    ரீஸ்டார்ட்: அன்லெஸ்-ஸ்டொப்ட்
  டிபி:
    இமேஜ்: போஸ்ட்கிரெஸ்:16-அல்பைன்
    என்வ்_ஃபைல்: .என்வ்
    வொலியூம்ஸ்:
      - தரவு:/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/டேட்டா
    ஹெல்த்செக்:
      டெஸ்ட்: பிஜி_இஸ்ரெடி -யூ நூலகம்
      இன்டர்வல்: 5எஸ்
      ரிட்ரைஸ்: 10
    ரீஸ்டார்ட்: அன்லெஸ்-ஸ்டொப்ட்
வொலியூம்ஸ்:
  தரவு:

பிஜி_இஸ்ரெடிக்குப் பின்னால் வருகிற யூ மட்டும் பெரிய எழுத்து. உள்தள்ளலுக்கு டாப் கீயைப் பாவிக்கக்கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான், யாம்ல் டாப்பை ஏற்காது.

சில வரிகளில் கொஞ்சம் நிற்கவேண்டும். 8080:8000 என்பதில் இடது பக்கம் உங்கள் மெஷினின் போர்ட் (ப்ரோக்ராமுக்குப் போகிற கதவு எண்), வலது பக்கம் கொண்டெய்னருக்குள் இருக்கிற போர்ட். பிரவுசரில் 8080 இல் திறப்பீர்கள், அது உள்ளே 8000 க்குப் போகும். இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு. உங்கள் பைதன் ப்ரோக்ராம் 127.0.0.1 இல் காது கொடுத்துக்கொண்டிருந்தால், அது கொண்டெய்னருக்குள் மட்டும்தான் கேட்கும், வெளியிலிருந்து வருவது அதற்குப் போய்ச் சேராது. 0.0.0.0 என்று மாற்றவேண்டும். கொண்டெய்னர் ஓடுகிறது, லொக்கில் பிழை எதுவும் இல்லை, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் கோடில் டேட்டாபேஸின் முகவரி லோக்கல்ஹோஸ்ட் அல்ல, டிபி. கொம்போஸ் இந்தக் கொண்டெய்னர்களை ஒரே உள் நெட்வேர்க்கில் போட்டு, சேர்விஸின் பெயரையே முகவரியாக ஆக்கிவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் டேட்டாபேஸைத் தொடத் தேவையில்லை என்பதால்தான் டிபிக்குப் போர்ட் எதுவும் திறக்கவில்லை.

டிபெண்ட்ஸ்_ஒன் என்று மட்டும் எழுதினால் டேட்டாபேஸ் கொண்டெய்னர் எழும்பியதுமே வெப்பும் எழும்பிவிடும். ஆனால் எழும்பிய உடனே போஸ்ட்கிரெஸ் வேலைக்குத் தயாராக இருக்காது, அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டொப்பில் நிறைய நேரம் எடுக்கும். அதனால்தான் ஹெல்த்செக். போஸ்ட்கிரெஸ் தயார் என்று சொல்லும் வரைக்கும் வெப் காத்திருக்கும்.

.என்வ் ஃபைலில் மூன்று வரி போதும்: போஸ்ட்கிரெஸ்_யூசர், போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட், போஸ்ட்கிரெஸ்_டிபி. இந்த மூன்று பெயரும் பெரிய எழுத்தில் வரவேண்டும். யூசருக்கும் டிபிக்கும் நூலகம் என்றே கொடுங்கள். இந்த ஃபைலை, கோடைச் சேமித்துப் பகிரப் பாவிக்கிற கிட்டில் ஒருபோதும் ஏற்றவேண்டாம்.

இனி டொக்கர்ஃபைல், அதாவது வெப் இமேஜ் எப்படிச் செய்யப்படுகிறது என்ற குறிப்பு. அதில் வரிகளின் ஒழுங்கு உங்கள் டேட்டாவோடு நேரடியாகத் தொடர்புபட்டது. இமேஜ் அடுக்கடுக்காகச் செய்யப்படுகிறது. ஒரு அடுக்கு மாறினால் அதற்குப் பின்னால் வருகிற எல்லா அடுக்கையும் டொக்கர் மறுபடி செய்யும். ஆகவே முதலில் பைதன்:3.12-ஸ்லிம் இமேஜ், பிறகு தேவையான லைப்ரரிகளின் பட்டியல் இருக்கிற ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை மட்டும் கொப்பி செய்வது, பிறகு அவற்றை இறக்குகிற பிப் இன்ஸ்டோல், அதற்குப் பிறகுதான் மிச்சக் கோட். இப்படி எழுதினால் கோடில் ஒரு எழுத்தை மாற்றும்போது லைப்ரரிகள் மறுபடி இறங்காது. கோடை முதலே கொப்பி செய்துவிட்டால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பிப் எல்லாவற்றையும் திரும்ப இறக்கும், காலையில் போட்ட டேட்டா கார்ட் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்லிம் என்ற வாலையும் மறக்காதீர்கள். அது இல்லாத முழு பைதன் இமேஜ் பல நூறு எம்பி, ஸ்லிம் அதில் ஒரு சிறு பங்குதான்.

ஓடவைத்தல்

முதலில் 'டொக்கர் கொம்போஸ் கொன்ஃபிக்'. ஃபைலில் பிழை இருந்தால் எதையும் இறக்காமலே சொல்லிவிடும். பிறகு,

டொக்கர் கொம்போஸ் அப் -டி

முதல் தடவை போஸ்ட்கிரெஸ், பைதன் இரண்டும் இறங்கும். வீட்டு இணைப்பில் நள்ளிரவு டேட்டா இருக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு விடுங்கள். இடையில் நின்றுபோனால் பயப்படவேண்டாம், முழுதாக இறங்கி முடிந்த அடுக்குகள் பெரும்பாலும் மறுபடி இறங்காது.

'டொக்கர் கொம்போஸ் பிஎஸ்' என்று தட்டினால் எது ஓடுகிறது, எது விழுந்திருக்கிறது என்று தெரியும். 'டொக்கர் கொம்போஸ் லொக்ஸ் -எஃப் வெப்' என்றால் வெப் என்ன சொல்கிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். ஏதாவது ஓடவில்லை என்று யாரிடமாவது கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, வந்ததை அப்படியே கொப்பி செய்து அனுப்புங்கள். போனில் திரையைச் சாய்வாகப் படமெடுத்து அனுப்பினால் உதவ நினைக்கிறவருக்கும் ஒன்றும் தெரியாது.

நிறுத்த 'டொக்கர் கொம்போஸ் டவுன்'. கொண்டெய்னர்களும் உள் நெட்வேர்க்கும் போகும், வொலியூம் இருக்கும், பதிவேடு பத்திரம். ஆனால் அதோடு '-வி' சேர்த்தால் வொலியூமும் சேர்ந்து போய்விடும், திருப்பி எடுக்க வழியே இல்லை. பாடங்களில் சுத்தம் செய்வதற்காக இதைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். உண்மையான ஆட்களின் பெயர் இருக்கிற டேட்டாபேஸில் அந்த வி வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால்? ரீஸ்டார்ட் வரியில் அன்லெஸ்-ஸ்டொப்ட் என்று போட்டிருப்பதால், மெஷின் எழும்பி டொக்கர் எழும்பியதும் இவையும் தானாக எழும்பும், நீங்களே நிறுத்தி வைத்ததைத் தவிர. போஸ்ட்கிரெஸ் திடீரென்று நின்றாலும் தன் பதிவுகளைப் பார்த்து மீண்டுகொள்ளும்படி செய்யப்பட்டது. என்றாலும் டெஸ்க்டொப் மெஷின் என்றால் ஒரு யூபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது.

பென்ட்ரைவில் கட்டுதல்

உங்கள் மெஷினில் இறங்கியிருக்கிற இமேஜ்களை ஒரே ஃபைலாகக் கட்டலாம். எந்த எந்த இமேஜ் தேவை என்று கொம்போஸே சொல்லும்:

டொக்கர் கொம்போஸ் கொன்ஃபிக் --இமேஜஸ்

நூலகம்-வெப்:1.0, போஸ்ட்கிரெஸ்:16-அல்பைன் என்று இரண்டு பெயர் வரும். அவற்றை எடுத்து,

டொக்கர் சேவ் -ஓ நூலகம்.டார் நூலகம்-வெப்:1.0 போஸ்ட்கிரெஸ்:16-அல்பைன்

வெப் சேர்விஸில் பில்ட், இமேஜ் இரண்டையும் எழுதியது இதற்காகத்தான். இமேஜ் என்ற வரியால் உங்கள் இமேஜுக்கு ஒரு நிலையான பெயர் கிடைக்கிறது, அந்தப் பெயர் மற்ற மெஷினில் இருந்தால் கொம்போஸ் மறுபடி பில்ட் செய்யப் போகாது. கடைசியில் 'லேட்டஸ்ட்' என்று போடாமல் 1.0, 16-அல்பைன் என்று எண் போடுங்கள். லேட்டஸ்ட் என்பது இன்றைக்கு ஒன்றாகவும் அடுத்த மாதம் இன்னொன்றாகவும் இருக்கும், இரண்டு பேரிடம் ஒரே பெயரில் இரண்டு பொருள் வந்துவிடும்.

டார் ஃபைல் பெரிதாக இருந்தால் ஜிஜிப் செய்து சுருக்குங்கள். டொக்கர் அதை விரிக்காமலே வாசிக்கும். பென்ட்ரைவ் ஃபேட்32 வகை என்றால் 4 ஜீபியை எட்டுகிற ஃபைலை அது ஏற்காது, இடம் இருந்தாலும் இடமில்லை என்பதுபோல் பிழை வரும். எக்ஸ்ஃபேட் ஆக ஃபோர்மட் செய்தால் சரி. சந்தியில் மலிவாகக் கிடைக்கிற சில பென்ட்ரைவ்கள் கொப்பி ஆனதாகக் காட்டிவிட்டு ஃபைலைக் கெடுத்துவிடும், அதனால் கொப்பிக்கு முன்னும் பின்னும் லினக்ஸின் 'ஷா256சம்' கட்டளையால் ஃபைலின் கையொப்பத்தை எடுத்து ஒப்பிடுங்கள். முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்வது நல்லது.

பென்ட்ரைவில் போகவேண்டியவை: டார் ஃபைல், கொம்போஸ்.யாம்ல், பாஸ்வேர்ட் இல்லாத மாதிரி என்வ் ஃபைல், தமிழில் ஒரு பக்கக் குறிப்பு. பெறுகிறவர் செய்யவேண்டியது இவ்வளவுதான். மாதிரி என்வ் ஃபைலை .என்வ் என்று கொப்பி செய்து பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு,

டொக்கர் லோட் -ஐ நூலகம்.டார்
டொக்கர் கொம்போஸ் அப் -டி --புல் நெவர் --நோ-பில்ட்

கடைசியில் உள்ள இரண்டும் எதையும் நெட்டில் தேடாதே, பில்ட் செய்யாதே என்று கட்டாயப்படுத்துகின்றன. இமேஜ் ஏதாவது விடுபட்டிருந்தால் அமைதியாக டேட்டாவைத் தின்னாமல் உடனே பிழை சொல்லும். கொடுப்பவரும் தன் மெஷினில் வைஃபையை அணைத்துவிட்டு இதே கட்டளையை ஒரு தடவை ஓடவைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் டொக்கர் சேவ் வொலியூமைக் கட்டாது. பதிவேட்டில் இருக்கிற புத்தகங்களும் பெயர்களும் அந்த டார் ஃபைலில் வராது. அவற்றைத் தனியாக எடுக்கவேண்டும், எடுக்கிற விதத்தில் தமிழுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. பல பாடங்களில் டேட்டாபேஸை நகலெடுக்கிற பிஜி_டம்ப் கட்டளையைக் கொடுத்து, அதன் வெளியீட்டை '>' குறியால் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடச் சொல்வார்கள். லினக்ஸில் பிரச்சினை இல்லை. விண்டோஸோடு வருகிற பழைய பவர்ஷெல்லில் அப்படிச் செய்தால் அது எழுத்துக்களைத் தன்பாட்டில் மாற்றி எழுதும், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகவோ விளங்காத குறிகளாகவோ ஆகிவிடும், திருப்பிப் போடும்போதுதான் அது தெரியவரும். ஆகவே கொண்டெய்னருக்குள்ளேயே ஃபைலாக எழுதவைத்து, பிறகு வெளியே எடுங்கள்:

டொக்கர் கொம்போஸ் எக்செக் டிபி பிஜி_டம்ப் -யூ நூலகம் -எஃப் /டிஎம்பி/நகல்.எஸ்கியூஎல் நூலகம்
டொக்கர் கொம்போஸ் சிபி டிபி:/டிஎம்பி/நகல்.எஸ்கியூஎல் .

இங்கேயும் யூ பெரிய எழுத்து. வெளியே எடுத்த ஃபைலைத் திறந்து "அரிச்சந்திர புராணம்" மாதிரி ஏதாவது ஒரு தலைப்பு சரியாகத் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பெறுகிறவர் அந்த ஃபைலை டிபி சேர்விஸுக்குள் /டொக்கர்-என்ட்ரிபொயின்ட்-இனிட்டிபி.டி என்ற ஃபோல்டரில் பொருத்தினால், வொலியூம் வெறுமையாக இருக்கும் முதல் தடவை மட்டும் போஸ்ட்கிரெஸ் அதைத் தானாக உள்ளே எடுத்துக்கொள்ளும். ஏற்கனவே தரவு இருந்தால் தொடாது.

ஒரு லேப் முழுக்க

இருபது மெஷின் இருக்கிற பாடசாலை லேப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கினால் டேட்டா மட்டுமல்ல, இன்னொரு தடையும் வரும். இமேஜ்கள் இறங்கிவருகிற பொதுக் களஞ்சியமான டொக்கர் ஹப்பில் லொகின் செய்யாமல் இழுக்கிறவர்களுக்கு ஐபி முகவரியை வைத்து எல்லை உண்டு. லேப் முழுக்க ஒரே ஐபியில் வெளியே போவதால், ஆசிரியர் ஒருவர் இழுத்ததும் பிள்ளைகள் இழுத்ததும் ஒரே கணக்கில் சேரும். சில பேருக்கு இறங்கி, மிச்சப் பேருக்கு 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால் காரணம் இதுதான். பென்ட்ரைவை ஒவ்வொரு மெஷினாகச் செருகிச் செல்வது சலிப்பான வேலை என்றாலும் நிச்சயமாக நடக்கும்.

சிலவேளை எல்லா மெஷினிலும் ஓடவே தேவையில்லை. ஒரு லேப்டொப்பில் மட்டும் ப்ராஜெக்டை ஓடவிட்டு, மற்றவர்களை அதே ரவுட்டரில் சேர்த்துவிடுங்கள். நெட் இணைப்பே இல்லாத ரவுட்டர் போதும், போன் ஹொட்ஸ்பொட்டும் போதும். அந்த லேப்டொப்பின் ஐபியைப் பார்த்து, பெரும்பாலும் 192.168 என்று தொடங்குகிற அந்த எண்ணோடு முக்காற்புள்ளி 8080 சேர்த்துப் பிரவுசரில் திறந்தால் எல்லோருக்கும் அந்தப் பதிவேடு வரும், ஒரு எம்பி டேட்டாவும் போகாது. திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வோல் தடுத்திருக்கும்.

நெட் வழியாகவும் பகிரலாம்

கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிற ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தால் பென்ட்ரைவ் உதவாது. அப்போது டொக்கர் ஹப்பில் கணக்குத் திறந்து, இமேஜின் பெயரை உங்கள் பயனர் பெயரோடு தொடங்கவைத்து, 'டொக்கர் கொம்போஸ் புஷ்' கொடுங்கள். கொம்போஸ் 2.34 இலிருந்து இன்னொரு வசதியும் உண்டு: 'டொக்கர் கொம்போஸ் பப்ளிஷ்' என்றால் கொம்போஸ் ஃபைலே களஞ்சியத்தில் ஏறிவிடும், மற்றவர் அந்த முகவரிக்கு முன்னால் ஓசிஐ:// போட்டு '-எஃப்' ஓடு கொடுத்து நேரே ஓடவிடலாம். ஏற்றுவதற்கு முன் அதற்குள் பாஸ்வேர்ட் எதுவும் எழுதியிருக்கவில்லை என்று பாருங்கள். பொதுக் களஞ்சியத்தில் ஏறியதை யாரும் எடுக்கலாம்.

வருகிற பிழைகள்

'போர்ட் இஸ் ஒல்ரெடி அலொகேட்டட்' என்றால் 8080 ஐ வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. இடது பக்க எண்ணை மட்டும் 8081 ஆக்குங்கள்.

'எக்செக் ஃபோர்மட் எரர்' என்றால் இமேஜும் மெஷினும் வேறு வேறு இனம். புதிய மேக், ராஸ்பெரி பை போன்றவை ஆர்ம் வகை, எங்கள் ஊர் லேப்டொப்புகள் அநேகமாக ஏஎம்டி64 (இன்டெல் சிப்புக்கும் இதே பெயர்தான்). வெளிநாட்டிலிருந்து வந்த மேக்கில் கட்டிய இமேஜ் கிளிநொச்சியில் இருக்கிற லேப்டொப்பில் ஓடாது. கட்டுகிறவர் '--ப்ளாட்ஃபோர்ம் லினக்ஸ்/ஏஎம்டி64' என்று கொடுத்து இழுக்கவும் பில்ட் செய்யவும் வேண்டும்.

ஃபைல் கண்முன்னே இருக்கிறது, ஆனால் கொண்டெய்னர் 'நோ சச் ஃபைல்' என்கிறது, அதுவும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பார்த்துச் சொல்கிறது என்றால், அது விண்டோஸில் எழுதப்பட்ட ஃபைல். விண்டோஸ் வரி முடிவில் ஒரு மறைந்த எழுத்தைச் சேர்க்கும். விஎஸ் கோடின் கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் என்று இருப்பதை எல்எஃப் ஆக மாற்றிச் சேமித்து, மறுபடி பில்ட் செய்யுங்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்றால் 'டொக்கர் சிஸ்டம் டிஎஃப்' கொடுத்துப் பாருங்கள், எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லும். 'டொக்கர் பில்டர் ப்ரூன்' பழைய பில்ட் மிச்சங்களை நீக்கும், 'டொக்கர் இமேஜ் ப்ரூன்' பெயரிழந்த இமேஜ்களை நீக்கும். நெட்டில் பலர் சொல்கிற 'சிஸ்டம் ப்ரூன் -ஏ' வேண்டாம். அது அந்த நேரம் எந்தக் கொண்டெய்னரும் பாவிக்காத எல்லா இமேஜையும் அழித்துவிடும், ஃபைபர் இருக்கிறவர் மறுநிமிடம் திரும்ப இழுத்துக்கொள்வார், நீங்கள் இரவு டேட்டாவுக்காகக் காத்திருக்கவேண்டும். அழிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் டொக்கர் சேவ் செய்து ஒரு வெளி டிஸ்கில் போட்டுவிட்டு அழியுங்கள்.